'மேனேஜர்' என்ற வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள்

இந்த வாரக் கடிதம் சென்னை ஓ.எம்.ஆரிலிருந்து வந்திருக்கிறது. பெயரும் கம்பெனியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதியவரை 'க.' என்று வைத்துக்கொள்வோம். 29 வயது, கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் இ.சி.இ. ஐந்து வருடமாக ஒரு ஸாஸ் கம்பெனியில், அதாவது மென்பொருளை இணையம் வழியாகச் சந்தாவுக்குக் கொடுக்கும் கம்பெனியில், கஸ்டமர் சப்போர்ட் வேலை. அமெரிக்காவில் உள்ள சின்னச் சின்ன பல் கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட், பில் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. இப்போது சப்போர்ட் டீமைச் சுருக்கப் போகிறார்களாம். இவர் நன்றாக வேலை செய்பவர் என்பதால் மேலதிகாரி இரண்டு இடங்களைக் காட்டியிருக்கிறார்: அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் (சுருக்கமாக பி.எம்.), இல்லையென்றால் ப்ராடக்ட் மார்க்கெட்டிங் மேனேஜர் (பி.எம்.எம்.). பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். ப்ராடக்ட் மேனேஜர் என்றால் கீழே டெவலப்பர்கள் இருப்பார்கள், சம்பளமும் இரட்டிப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், ஆனால் எனக்குக் கோடிங் வராது. ப்ராடக்ட் மார்க்கெட்டிங் என்றால் லிங்க்ட்இன் போஸ்ட் போடுகிற வேலை என்கிறார்கள், அதற்கும் என் ஆங்கிலம் போதாது. அப்பா உரக்கடை வைத்திருக்கிறார்; 'மார்க்கெட்டிங்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே "இன்ஜினியரிங் படிச்சுட்டு பையைத் தூக்கிக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கப் போறியா?" என்று கேட்டார். தப்பானதை எடுத்துவிட்டால் பிறகு மாற முடியாதே என்று பயமாக இருக்கிறது. பி.எம். வேலைக்குப் போனால் ட்ரெய்னிங் செலவுக்காக இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம், நடுவில் விலகினால் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்கிறார் கணவர். வீட்டில் யு.கே.ஜி. படிக்கிற குழந்தை. எதை எடுக்கட்டும்?

க., உங்கள் கடிதத்தில் 'மேனேஜர்' என்ற வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அங்கிருந்தே தொடங்குவோம்.

ப்ராடக்ட் மேனேஜருக்குக் கீழே பொதுவாக ஒருவரும் கிடையாது. டெவலப்பர்கள் இன்ஜினியரிங் மேனேஜருக்குக் கீழே, டிசைனர்கள் டிசைன் தலைவருக்குக் கீழே. அவர்களில் யாருக்கும் நீங்கள் லீவு கொடுக்க முடியாது, அப்ரைசல் போட முடியாது. ஆனால் அவர்கள் அடுத்த மூன்று மாதம் எதைச் செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக எதைச் செய்யக் கூடாது என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதிகாரம் இல்லாத பொறுப்பு, அவ்வளவுதான். 'ப்ராடக்டின் மினி சி.இ.ஓ.' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், சி.இ.ஓ.வால் ஆளை மாற்ற முடியும், உங்களால் மீட்டிங் நேரத்தை மாற்றுவதே கஷ்டம். ப்ராடக்ட் மார்க்கெட்டிங் மேனேஜருக்கும் இதே கதைதான். இரண்டிலும் 'மேனேஜர்' என்பது ஆட்களைக் குறிப்பதில்லை.

இரண்டு வேலையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் கேமே சோப்பின் விளம்பர வேலையில் இருந்த நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர், ஒவ்வொரு பிராண்டுக்கும் அதை மட்டுமே கவனிக்கும் ஆள் தேவை என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். விற்பனை எங்கே படுத்திருக்கிறது, ஏன், அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்று முழுக்கப் பார்க்கும் ஆள். (அந்த மனிதர் பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவே ஆனார், அது வேறு கதை.) அந்த ஒற்றை ஆளைத்தான் மென்பொருள் உலகம் இரண்டாகப் பிரித்தது. சோப்பின் கலவை வாரத்துக்கு வாரம் மாறாது, மென்பொருள் மாறும். தினமும் இன்ஜினியர்களோடு உட்கார ஒருவர், வாங்குபவர்களோடும் விற்பனை டீமோடும் உட்கார இன்னொருவர் என்று ஆனது அதனால்தான். இந்தக் கோடு கல்லில் செதுக்கியதும் இல்லை. தங்கும் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி கம்பெனியின் தலைவர் பிரையன் செஸ்கி 2023-இல் ஒரு டிசைன் மாநாட்டு மேடையில், வழக்கமான ப்ராடக்ட் மேனேஜர் வேலையை எடுத்துவிட்டு அதை ப்ராடக்ட் மார்க்கெட்டிங்கோடு சேர்த்துவிட்டோம் என்று சொன்னபோது, கூடியிருந்த டிசைனர்கள் கைதட்டினார்கள். பி.எம்.கள் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, வித்தியாசம் என்ன? நம் கடலூர் உதாரணத்தையே எடுக்கிறேன்.

ஷாம்பு என்றால் பெரிய பாட்டில், வசதியானவர்கள் வாங்குவது என்று இருந்த காலத்தில் அதைச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று செய்து காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாக்கெட்டில் எத்தனை மில்லி, அது ஒரு தலைக்குப் போதுமா, என்ன விலைக்குள் அடக்குவது, கடையில் சரமாகத் தொங்கும்போது ஒழுகாமல் இருக்குமா? இவையெல்லாம் ப்ராடக்ட் மேனேஜரின் கேள்விகள். இதற்குப் பதில் சரியாக இருந்தும் சரக்கு நகராமல் இருக்கலாம். ஏனென்றால் கிராமத்தில் சீயக்காயோ குளியல் சோப்போ போட்டுத் தலைகுளிக்கிறவருக்கு ஷாம்பு என்னவென்றே தெரியாது, முடி கொட்டிவிடும் என்ற பயம் வேறு. சிக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் தலையைக் கழுவிவிட்டு, சுற்றி நின்றவர்களை முடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாளில் அதையே, சிக் காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் மட்டும்தான் என்று மாற்றினார்கள். யாரிடம் விற்கிறோம், இப்போது அவர் எதைப் பயன்படுத்துகிறார், ஏன் தயங்குகிறார், எதைக் காட்டினால் தயக்கம் போகும்? இது ப்ராடக்ட் மார்க்கெட்டிங். இதில் எந்த இடத்திலும் போஸ்டர் டிசைன் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரம் அதற்கு அடுத்த கட்டம், அதைச் செய்ய வேறு ஆட்கள் உண்டு.

பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகளில் சிக் வந்தது. அதை முடிவு செய்ய வேண்டியது யார்? இரண்டு பேருமே "நான்தான்" என்பார்கள். விலை, பெயர், எந்த வசதி எந்த ப்ளானில் என்பதெல்லாம் இப்படி நடுவில் கிடக்கும் நிலம், பெரும்பாலான வரப்புச் சண்டை இங்கேதான்.

உங்கள் கிளினிக் மென்பொருளுக்கு வருகிறேன். நோயாளிக்கு எஸ்.எம்.எஸ். நினைவூட்டல் அனுப்பும் வசதி வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நம்பரில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் பதிவு செய்திருந்தால் மூன்று மெசேஜ் போக வேண்டுமா ஒன்றா, நோயாளி 'நாளைக்கு வரட்டுமா' என்று பதில் அனுப்பினால் அது எங்கே போய்ச் சேர வேண்டும், நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தை வைத்துக்கொண்டு மெசேஜில் எவ்வளவு விவரம் காட்டலாம் என்று வக்கீலிடம் கேட்டாயிற்றா, டெவலப்பர் ஆறு வாரம் கேட்கிறார் ஆனால் நாலு வாரம்தான் இருக்கிறது என்றால் எதை வெட்டுவது? பி.எம்.மின் நாள் இதிலேயே போய்விடும். பி.எம்.எம். அதே வசதியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். பணம் கொடுப்பவர் டாக்டர், தினமும் பயன்படுத்துபவர் ரிசப்ஷனில் இருப்பவர். டாக்டருக்கு வலிப்பது நோயாளி வராமல் காலியாகக் கிடக்கும் நாற்காலி. ரிசப்ஷனில் இருப்பவருக்கு வலிப்பது ஒவ்வொருவராகப் போன் போடுவது. இருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் இருவருக்குமே ஒட்டாது. போட்டிக் கம்பெனியில் இது ஏற்கெனவே இருக்கிறதே என்று வாடிக்கையாளர் கேட்டால் சேல்ஸ் ஆள் என்ன சொல்ல வேண்டும், இதை அடிப்படை ப்ளானில் கொடுப்பதா தனிக்காசா, போன மாதம் கைநழுவிப் போன பத்து டீலில் எத்தனை இதனால் போனது? வேலை இதுதான், லிங்க்ட்இன் போஸ்ட் இதன் கடைசி நுனி.

நானே முதலில் பி.எம்.மாக இருந்து பிறகு பி.எம்.எம். பக்கம் வந்தவள். முதல் கம்பெனியில் ஏழு மாதம் உழைத்து ஒரு ரிப்போர்ட் வசதியைக் கொண்டுவந்தோம், ஒரு பிழைகூட இல்லை, எனக்கு அவ்வளவு பெருமை. மெனுவில் அதற்கு எங்கள் டீமுக்குள் புழங்கிய பெயரையே வைத்துவிட்டோம். அது என்னவென்று வாடிக்கையாளர் ஒருவருக்கும் புரியவில்லை, சேல்ஸ் டீமுக்கும் யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர், எங்களுக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வேண்டுமே என்று அதையே கேட்டு மெயில் போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த இன்னொரு வேலை ஏன் இருக்கிறது என்று புரிந்தது.

கோடிங்கும் ஆங்கிலமும்

பி.எம். வேலைக்குக் கோடிங் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டெவலப்பர் 'இது கஷ்டம்' என்று சொல்லும்போது ஏன் கஷ்டம் என்று புரிந்துகொள்ளவும், டேட்டாபேஸில் நாமே ஒரு கேள்வி போட்டுப் பார்க்கவும் தெரிந்தால் பெரிய உதவி. அப்படிக் கேள்வி போடும் மொழியான எஸ்.க்யூ.எல்.லை நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், ஐந்து வருட சப்போர்ட்டில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் நான் உங்களுக்கு இனிப்பு தடவப் போவதில்லை. அமெரிக்க வாடிக்கையாளருக்கான பி.எம்.எம். வேலையில் எழுத்து தினசரிப் பாடு, அதில் உழைக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே தேவைப்படுவது அலங்கார ஆங்கிலம் அல்ல. வேலை முடிந்து களைத்துப்போன ஒரு ரிசப்ஷனிஸ்ட் ஒரே தடவை படித்துப் புரிந்துகொள்ளும் வாக்கியம் வேண்டும். அதைத்தானே ஐந்து வருடமாக டிக்கெட்டுகளில், அதாவது வாடிக்கையாளர் புகார்களுக்கான பதில்களில், எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? பி.எம். போனால் எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தால் அதுவும் தப்பு. அவர்களும் நாள் முழுக்க எழுதுகிறவர்கள்தான், படிப்பவர்கள் மட்டும் டெவலப்பர்கள்.

சம்பளம்

'இரட்டிப்பு' என்று சொன்ன நண்பர் யாருடைய சம்பளத்தை யாருடையதோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். ஒரே கம்பெனியில் ஒரே மட்டத்தில் பி.எம்.முக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம், நான் பார்த்தவரை. உள்ளேயே மாறுகிறவர்களுக்குப் பல இடங்களில் முதல் வருடம் பழைய சம்பளத்தோடு சின்ன உயர்வுதான் கொடுக்கிறார்கள். அதனால் இரண்டு வேலைக்கும் ஆஃபரை எழுத்தில் வாங்குங்கள். அதில் மாறும் ஊதியம் (வேரியபிள் பே) எத்தனை சதவீதம், அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பி.எம்.எம். வேலையில் அதைச் சேல்ஸ் இலக்கோடு முடிச்சுப் போட்டிருந்தால், நீங்கள் கட்டுப்படுத்த முடியாத ஒன்றுக்கு உங்கள் வீட்டு இ.எம்.ஐ. பணயம்.

பிறகு மாற முடியுமா

முடியும். பி.எம்.மிலிருந்து பி.எம்.எம்.முக்கு மாறுவது கொஞ்சம் சுலபம், எதிர்ப்பக்கம் மாறுவது கொஞ்சம் கஷ்டம், அதுவும் வெளியே வேறு கம்பெனிக்குப் போகும்போது. அதே கம்பெனிக்குள் என்றால் டெவலப்பர்களுக்கு உங்கள் மேல் மரியாதை இருந்தால் போதும். இது ஒருவழிப்பாதை இல்லை என்று மட்டும் மனதில் வையுங்கள், அந்த பயத்தில் முடிவெடுக்க வேண்டாம். ஏ.ஐ. வந்து எதை முதலில் விழுங்கும் என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் வெறுமனே டாக்குமென்ட் எழுதும் பகுதியை விழுங்கும். வாடிக்கையாளரிடம் பேசி, அவர் சொல்லாததையும் புரிந்துகொள்ளும் பகுதி இன்னும் கொஞ்ச காலம் நம்மிடம்தான்.

அந்த பாண்டு

நான் வக்கீல் இல்லை, கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அதற்கு ஆகும் செலவு இந்த மூன்று லட்சத்தில் ஒரு துளி. ஆனால் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்கிற ஷரத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி பொதுவாகச் செல்லாது. அதைக் கேள்விப்பட்டுத்தான் 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இத்தனை காலம் வேலை செய்வேன், நடுவில் போனால் இவ்வளவு கொடுப்பேன் என்பது வேறு ரகம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அது அரசு வங்கி, ஆள் எடுக்கும் நடைமுறைக்கு ஆகும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் விஷயம் அப்படியே அதுபோல் இருக்காது, ஆனாலும் செல்லாக்காசு என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிவு 74 என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அதனால் எச்.ஆரிடம் கேளுங்கள்: யார் நடத்தும் ட்ரெய்னிங், உண்மையில் எவ்வளவு செலவு, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா, கம்பெனியே என்னை அனுப்பினால் என்ன? கடைசிக் கேள்வி முக்கியம், ஆள் குறைப்பு நடந்துகொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும்.

நான் என்ன நினைக்கிறேன்

பெருமையோடு மூன்று சம்பவங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பட்டனின் பெயரை மாற்றச் சொல்லி அதனால் டிக்கெட் குறைந்தது. போகவிருந்த ஒரு டாக்டரிடம் பேசிப் பேசி, அவர் வெளியேறுவது விலைக்காக அல்ல, புது ரிசப்ஷனிஸ்டுக்குக் கற்றுக்கொடுக்க நேரமில்லாததால் என்று கண்டுபிடித்தது. மூன்றாவது, ஆறு மாத டிக்கெட்டுகளை எக்ஸலில் போட்டு, இன்வாய்ஸ் இறக்குமதியில் ஒரு வரி தப்பானால் முழு ஃபைலும் நின்றுவிடுவதை டெவலப்பர்களிடம் நிரூபித்துச் சரிசெய்ய வைத்தது. முதல் இரண்டும் பி.எம்.எம். மூளை, மூன்றாவது சுத்தமான பி.எம். வேலை. ஆனால் அந்த மூன்றாவதைச் சொல்லும்போது 'மூணு மாசம் அவங்ககூட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எம். என்றால் அந்த மல்லுக்கட்டுதான் நித்திய வேலை. அந்த டாக்டர் கதையை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், எழுத்திலேயே சந்தோஷம் தெரிகிறது.

என் சாய்வு ப்ராடக்ட் மார்க்கெட்டிங் பக்கம். இந்த ஊரில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற கஸ்டமர் சப்போர்ட் மென்பொருள் எப்படி வந்தது தெரியுமா? 2010-இல் அதே மாதிரி மென்பொருள் விற்கும் ஸென்டெஸ்க் விலையை ஏற்றியதில் கடுப்பான வாடிக்கையாளர்கள் இணையத்தில் பொரிந்து தள்ளியதையும், அதன் கீழே ஒருவர் எழுதிய கருத்தையும், ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் படித்ததிலிருந்து. அந்தக் கம்பெனிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. உங்கள் கையில் இருப்பது ஐந்து வருடக் கடுப்பு, முழுக்க வாடிக்கையாளர்களின் சொந்த வார்த்தைகளில்.

ஆனால் ஒரு நிபந்தனை. சில கம்பெனிகளில் பி.எம்.எம். என்று பெயர் வைத்துவிட்டு பிரவுச்சர் தட்டவைப்பார்கள். அந்த டீமில் இருக்கும் ஒருவரைக் காப்பிக்கு அழைத்து விசாரியுங்கள். அடுத்து என்னென்ன செய்வது என்று தீர்மானிக்கும் ரோட்மேப் மீட்டிங்கில் உங்களுக்கு நாற்காலி உண்டா, புது வசதி வருவது எத்தனை வாரம் முன்னால் தெரியும், கடைசியாக எப்போது வாடிக்கையாளரோடு நேரில் பேசினீர்கள், விலை மாற்றத்தில் உங்களைக் கேட்டார்களா? நாலுக்கும் மழுப்பல் வந்தால் பி.எம். வேலையை எடுங்கள், பாண்டைப் பேசிக் குறைத்துக்கொண்டு.

நேரமும் கேளுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் இங்கே கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. லாஞ்ச் நாளும் வாடிக்கையாளர் பேட்டியும் அந்த நேரத்தில்தான் விழும், குழந்தை தூங்கும் நேரமும் அதுதான். பி.எம். பெரும்பாலும் இங்கிருக்கும் இன்ஜினியர்களோடு இருப்பதால் பகல் கொஞ்சம் பகலாகவே இருக்கும். வாரத்துக்கு எத்தனை ராத்திரி என்பதை முன்பே பேசி எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் என்றால் வீட்டில் சமாளித்துவிடலாம், ஐந்து நாள் என்றால் நான் மேலே சொன்ன சாய்வை மறந்துவிடுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மிளகாய் போட்டவர் வந்தால் ஒரு மருந்து, பருத்தி போட்டவர் வந்தால் வேறு, போன வருடம் கடனில் வாங்கி நஷ்டப்பட்டவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் பார்த்த மார்க்கெட்டிங்காரர்கள் பையோடு வந்து சரக்கைத் தள்ளிவிட்டுப் போகிற ரெப்புகள். நீங்கள் போகப்போவது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இல்லை, அவர் நிற்கிற பக்கம்.

பத்து நாளில் நாலு நாள் போயிருக்கும். நாளைக்கே எச்.ஆருக்கு மெயில் போட்டு இரண்டு ஆஃபரையும் பாண்டின் நகலையும் கேளுங்கள், நகல் தராமல் கையெழுத்து மட்டும் கேட்டால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து, அந்த எஸ்.எம்.எஸ். வசதிக்கே இரண்டு பக்கம் எழுதுங்கள்: ஒன்று டெவலப்பருக்கு, ஒன்று அந்தப் பல் டாக்டருக்கு. இரண்டையும் எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு ஞாயிறு ராத்திரிக்குள் பதில் போடுகிறேன்.